மாட்டிக்கினு கீறேன்

நான் இப்போது குடியிருக்கும் ஊரில் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதுகிறது. இங்கே அதற்குச் சைரன் என்று பேர். ஆலைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது என்றைக்கும் சங்குதான். இந்த ஊரில் மட்டுமல்ல, நெதர்லாந்து நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஊதுகிறது. ஆபத்துக் காலத்தில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை, அவ்வளவுதான். கடைக்காரர் சில்லறை கொடுப்பதை நிறுத்துவதில்லை. நடைபாதையில் போகும் நாய்கூடத் தலையைத் தூக்குவதில்லை. ஆனால் வந்து பதினோராம் நாள் அதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு இதையெல்லாம் சொல்ல யாரும் இல்லை. கணவர் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கும் வேலைக்குப் போயிருந்தார். நான் ஒரு துண்டை நனைத்தேன், மூன்று வயது மகள் நோராவைத் தூக்கினேன், அவள் மூக்கையும் வாயையும் துண்டால் பொத்தினேன், செருப்புகூடப் போடாமல் மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு ஓடினேன்.

ஓடியவள் அங்கேயே நின்றுவிட்டேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. எங்கள் எர்ணாவூரில் சங்கு ஊதினால் முதலில் பார்ப்பது கொடியில் காயும் துணியை. துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் போகக் கூடாது, காற்று வாயுவை அங்கேதான் கொண்டுபோகும் என்று அம்மா சொல்லி வளர்த்திருந்தார். இந்தத் தெருவில் ஒரு வீட்டில்கூடக் கொடி இல்லை, ஒரு பாவாடை இல்லை, ஒரு லுங்கி இல்லை. எல்லாம் மெஷினில் காய்கிறது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு வீடு தள்ளி இருந்த ஒரு பெண்மணி கையில் பாதி கடித்த ரொட்டியுடன் வெளியே வந்து, என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் “கேஸ், கேஸ்” என்றேன். அவர் என்னையும் துண்டையும் பார்த்துவிட்டு மிகப் பொறுமையாக, “இல்லை, திங்கட்கிழமை” என்றார்.

அந்த அம்மாள் பேர் மரீகே. அன்று அவர் வீட்டுக்குள் அழைத்துப்போய்க் காபி கொடுத்தார், நோராவுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். இந்த ஊரில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்று கொடுத்துவிட்டு மூடிவிடுவார்கள், அது எனக்குப் பழகவே ஒரு வருடம் ஆனது. பிறகு அவர் கேட்டார், துண்டை ஏன் நனைத்தாய் என்று. சைரன் பற்றி அவர் ஒரு நிமிடம்தான் பேசினார். துண்டைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார். அவர் ஆவணப்படம் எடுப்பவர் என்று அப்போது எனக்குத் தெரியாது. கேட்கிற விதத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சம்பவத்தை ஊரில் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அவரிடம் வாங்கிய சத்தியம் மட்டும் நினைவிருக்கிறது. என் அண்ணன் சேவியர் காதுக்குப் போனால் ஆயுசுக்கும் கிண்டல் செய்வான்.

எர்ணாவூர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஆலைகளும் இருக்க, நடுவில் கண்டெய்னர் லாரிகள் நாள் கணக்கில் வரிசையில் நிற்கும் சாலையை ஒட்டி எங்கள் வீடு. எங்கள் அப்பா முகத்துவாரத்தில் நண்டு பிடித்தவர். அவர் கைவைத்துத் தடவிய சேற்றின் மேல் இப்போது அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கிறது. நண்டு இல்லாமல் போனபின் அண்ணன் ஒரு ஆலையில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தான். இருபது வருடமாக அதே காண்ட்ராக்ட். சில மாதத்துக்கு ஒரு தடவை கேட் பாஸைப் புதுப்பித்துத் தருவார்கள். அந்த அட்டை கழுத்தில் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. அவனுக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் ஜெனிஃபர் கல்லூரியில் படிக்கிறாள். நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், கண் எரிந்தால் முகத்தைக் கழுவுவோம். வேறு என்ன செய்யலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நான் வந்து சேர்ந்ததும் ஒரு ஆலைப் பக்கம்தான். ஆற்றுக்கு அக்கரையில் ரோட்டர்டாம் துறைமுகத்தின் சுத்திகரிப்பு ஆலைகள், இக்கரையில் எங்கள் குடியிருப்பு. காற்று திரும்பினால் இங்கேயும் அதே முட்டை அழுகிய வாடை வரும். ஆனால் இங்கே நாற்றம் வந்தால் கூப்பிட ஒரு எண் உண்டு. கூப்பிட்டால் ஒரு ஆள் சைக்கிளிலோ காரிலோ வந்து, தெருமுனையில் நின்று, மூக்கை உயர்த்தி மோந்து பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். அதற்குச் சம்பளம். இதைப் போனில் அண்ணனிடம் சொன்னபோது அவன் வெகுநேரம் சிரித்தான். “இன்னா வேலம்மா அது, எனுக்கு ஒண்ணு வாங்கிக் குடு. இருவது வர்சமா சும்மாவே மோந்துகினு கீறேன்” என்றான். நானும் சிரித்தேன். போனை வைத்தபின் அழுகை வந்தது.

நான்கு வருடம் கழித்து மரீகே ஒரு நாள் வந்து, துறைமுகத்தை ஒட்டி வாழும் மனிதர்களைப் பற்றிப் படம் எடுக்கப்போவதாகவும் பாதி இங்கே, பாதி உன் ஊரில் என்றும் சொன்னார். எனக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. எங்கள் பக்கம் கேமரா வராத இடமல்ல. சினிமாக்காரர்கள் வந்தால் எங்கள் பையன்கள் கையில் அரிவாள் கொடுப்பார்கள், எங்கள் பேச்சை எவனோ ஒருவன் காமெடிக்குப் பேசுவான். ஆவணப்படக்காரர்கள் வந்தால் வேறு விதம். புகைபோக்கி பின்னால் தெரியும்படி நிற்கச் சொல்வார்கள், கடலைப் பார்க்கச் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்கக் கடலுக்கு முதுகைக் காட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் அன்றைக்குக் கடலைப் பார்ப்பார்கள். சிரித்தால் ‘கட்’ என்பார்கள். கேமரா வந்துவிட்டது, மூஞ்சியைச் சோகமாக வைத்துக்கொள் என்பது எங்கள் தெருவில் வழக்கமான கேலி. மரீகே அப்படி இல்லை, இரண்டு மாதம் கேமராவை வெளியே எடுக்காமல் உட்கார்ந்து பேசுகிறவர் என்று எனக்குத் தெரியும். அதனால் நானேதான் அண்ணன் எண்ணைக் கொடுத்தேன். வழி காட்ட, அறிமுகம் செய்துவைக்க மட்டும், கேமரா முன்னால் நீ பேச வேண்டாம் என்று அவனிடம் பத்து தடவை சொன்னேன். அவன் பத்து தடவையும் சரி என்றான்.

படப்பிடிப்பு முடிந்து மரீகே திரும்பியதும் வசனங்களை மொழிபெயர்க்க ஏதோ ஒரு மென்பொருளில் போட்டிருக்கிறார். வந்த தாளை என்னிடம் காட்டினார். படம் முழுக்க எர்ணாவூர் ஜனங்கள் தங்களைப் பிறாண்டிக்கொண்டிருந்தார்கள். ‘நல்லா கீறேன்’ என்று ஒருவர் சொன்னால் ‘நான் நன்றாகப் பிறாண்டுகிறேன்’, ‘வூட்ல கீறாங்கோ’ என்றால் ‘வீட்டில் பிறாண்டுகிறார்கள்’. ‘இருக்கிறேன்’ என்பதைக் ‘கீறேன்’ என்கிற, சென்னைக்குள்ளேயே பாதிப் பேருக்குப் புரியாத பேச்சு மெஷினுக்கு எப்படிப் புரியும். மரீகே கவலையோடு, அந்தப் பகுதியில் ஏதாவது தோல் வியாதி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் இது அதில்லை என்றேன். அன்றைக்கே மொழிபெயர்ப்பு வேலை எனக்கு வந்துவிட்டது.

மரீகே வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை. ஜன்னல் வழியே ஆறு, ஆற்றுக்கு அப்பால் புகைபோக்கிகள். கம்ப்யூட்டரில் எர்ணாவூர். காது முழுக்க என் ஊர் லாரி ஹாரன், மீன்காரம்மாவின் கூவல், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். ஒரு வாரம் நான் இரண்டு இடத்திலும் இல்லாமல் கிடந்தேன். ஏழாம் நாள் அண்ணன் வந்தான். டீக்கடை ஓரம், ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறான். நீல நிறச் சீருடைச் சட்டை, பாக்கெட்டில் ஆலையின் சின்னம், கழுத்தில் பாஸ். ராயபுரத்திலிருந்து மரீகே கூட்டிப்போன மொழிபெயர்ப்பாளப் பெண், வேலை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். அவன் ஒரு வாய் டீ குடித்துவிட்டுச் சொல்கிறான்: “மாஸ்க்கு அலமாரில கீது. ஆபீசருங்க வர்ற அன்னிக்குத் தருவாங்கோ, மாட்டிக்குவோம். அவுங்க கெளம்பினதும் கழட்டி வாங்கி உள்ள வெச்சிக்குவாங்கோ.” டம்ளரைக் கீழே வைக்கிறான். சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைப் பிடித்தபடி, “இதுல மாட்டிக்கினு கீறேன்” என்கிறான். அதே நொடியில் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது.

பத்து தடவை சரி சரி என்றவன், சின்னம் தெரிகிற சட்டையோடு, பாஸோடு உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்கிறான். ஆலைக்காரர்கள் இந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், அடுத்த முறை பாஸ் வராது. அந்தப் பக்கத்தில் ஒரு ஆலை ஒருவனை வேண்டாம் என்றால் மற்ற ஆலைகளும் சேர்க்காது. இவனைக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது நான். அந்தத் துண்டைக் கேமராக்காரியிடம் காட்டியவள் நான். திரும்பத் திரும்ப அந்த இடத்தைப் போட்டுக் கேட்டேன். ஹாரன் சத்தத்தில் அது ‘இதுல’வா ‘இத்த’வா என்று தெளிவாக விழவில்லை. நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ‘இத்த மாட்டிக்கினு கீறேன்’ என்றால் இந்தச் சட்டையை அணிந்திருக்கிறேன். ‘இதுல மாட்டிக்கினு கீறேன்’ என்றால் இதில் சிக்கிக்கொண்டேன். நடுவில் ஒன்றிரண்டு எழுத்துதான். அவன் கையும் சட்டை மேல்தான் இருந்தது. ‘நான் இதை அணிந்திருக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மாஸ்க்கைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வதைச் சொன்ன வரிக்கு, ‘லாரிச் சத்தம், தெளிவில்லை’ என்று போட்டேன். அந்த மாஸ்க் வரியில் ஒரு எழுத்துகூட எனக்குச் சந்தேகம் இல்லை. மரீகே கீழே சமையலறையில் ஏதோ பாடிக்கொண்டிருந்தார், என்னை முழுக்க நம்பினார்.

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நான் எதையும் தீர்மானித்ததில்லை. விசா கணவர் வேலையில் தொங்குகிறது, அவர் வேலை வருடா வருடம் ஒரு கையெழுத்தில் தொங்குகிறது. எனக்கு மொழித் தேர்வு, நோராவுக்குப் பள்ளி, ஊருக்குப் போய்விடலாம் என்றால் அங்கே எதற்கு என்று கேள்வி, இங்கேயே இருக்கலாம் என்றால் யாராக என்று கேள்வி. இப்படி மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கையில் முதன்முதலாக இன்னொருவர் வாழ்க்கையைக் காப்பாற்றும் ஒரு வரி கிடைத்தது. அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. செய்தது தவறு என்று தெரிந்தும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மரீகேவுக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் வெளியே போவதற்கு முன், அதில் வருகிறவர்களுக்கு முதலில் காட்டிவிடுவார். யாராவது வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை வெட்டிவிடுவார். அப்படி ஒரு லிங்க் எர்ணாவூருக்குப் போயிற்று. அண்ணனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆனால் ஜெனிஃபருக்கு நன்றாக வரும் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் கூப்பிட்டாள். “அத்தே, அப்பா சொன்னது வேற, நீங்க போட்டுக்கீறது வேற” என்றாள். பிறகு போன் கைமாறிற்று.

அண்ணன் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நா சட்டைய மாட்டிக்கினு கீறேன்னா சொன்னேன்? சட்ட மாட்டிக்கினு கீறதத்தான் அல்லாரும் பாக்கிறாங்களே. அத்த சொல்றதுக்கு நா எதுக்கு?” என்று கேட்டான். பாஸ் போய்விடும், இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். மரீகேவிடம் சொன்னால் முகத்தையாவது மங்கலாக்கித் தருவார், அதற்காவது ஒத்துக்கொள் என்று கெஞ்சினேன். மூஞ்சியை மறைக்க நான் என்ன திருடனா என்றான். அவன் மூச்சின் அடியில் இருபது வருடமாக இருக்கும் சின்ன இருமல் கேட்டது. “ஸ்டெல்லா, நீ போய்ட்ட. தப்புன்னு நா சொல்லல. ஆனா இங்க கீறவன் பேசினத அங்க குந்திகினு மாத்தாத” என்றான்.

மறுநாள் மரீகேவிடம் போய் நான் செய்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். இந்த ஊர்க்காரர்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அவர் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தார். மாஸ்க் பற்றிய வரியை எழுதினேன். அடுத்த வரியில், ‘நான் இதில் சிக்கிக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதினேன். மரீகே கேட்டார், எதில், சட்டையிலா, வேலையிலா, ஊரிலா என்று. தமிழில் ‘இதுல’ என்றால் போதும், கையை நெஞ்சில் வைத்தால் போதும், மீதியைக் கேட்பவர் பார்த்துக்கொள்வார். அவன் எதையும் பிரித்துச் சொல்லவில்லை, நானும் பிரிக்கமாட்டேன் என்றேன். அவர் சற்று யோசித்து அப்படியே விட்டுவிட்டார்.

படம் இங்கே ஒரு சின்ன அரங்கில் திரையிடப்பட்டது. அந்த வரி வந்தபோது எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முடிந்ததும் பலர் வந்து என் கையைப் பிடித்தார்கள், ஒருவர் உங்கள் அண்ணன் எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்றார். எங்கள் பாஷையை அழகு என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது. வீடு திரும்பும் டிராமில் அந்தப் பெருமைக்கே பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த இரண்டு மாதம் போன் அடித்தாலே அண்ணன் எண்ணா என்றுதான் முதலில் பார்த்தேன்.

போன மாதம், திங்கட்கிழமை, நோரா பள்ளிக்குப் போயிருந்தாள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். அங்கே மாலை ஆகியிருக்கும், ஷிப்ட் முடிகிற நேரம் தாண்டிவிட்டது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை, சோறு தின்றாயா என்றுதான் கேட்டான். பிறகு சொன்னான். காலையில் கேட்டில் பாஸைக் காட்டியிருக்கிறான், சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது, பட்டியலில் பேர் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவனோடு இன்னும் இரண்டு பேர் பெயரும் இல்லையாம். படத்தாலா என்று கேட்டேன். யாருக்குத் தெரியும், காரணம் சொல்கிற வழக்கம் அங்கே எப்போது இருந்தது என்றான். என்னைக் குறை சொல்ல ஒரு சொல்லாவது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. “ஹெல்மெட்டு, பாஸு ரெண்டையும் வாங்கி வெச்சிக்கினான். சட்ட வாணாம்னுட்டான். வூட்ல மாட்டிக்கினு கீறேன்” என்றான். எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று இந்த முறை நான் கேட்கவில்லை.

அப்போது இங்கே சங்கு ஊத ஆரம்பித்தது. நான் நாள் கிழமையை மறந்திருந்தேன். போனுக்குள் அவன் குரல் சட்டென்று மாறியது. இன்னா அது, சங்கா என்றான். பதறாதே, மாதா மாதம் ஊதுவார்கள், வெறும் டெஸ்ட் என்றேன்.

“டெஸ்டுன்னுதான் இங்கயும் சொல்வானுங்கோ. பாப்பா எங்க?”

பள்ளியில் என்றேன். பள்ளியிலேயே இருக்கட்டும், ஜன்னலைச் சாத்து, காற்று எந்தப் பக்கம் என்று பார், வீட்டில் மாஸ்க் இருக்கிறதா, நனைத்துப் போட்டுக்கொள் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனான். காலையில் வேலை போனவன், தன் கவலையையே மறந்துவிட்டான். டெஸ்ட்தான் அண்ணா என்று இன்னொரு தடவை சொன்னேன். அவன் கேட்பதாக இல்லை, இருமல் பிடித்துக்கொண்டது, இருமிக்கொண்டே நனைத்தாயா நனைத்தாயா என்று கேட்டான். கொரோனா காலத்து மாஸ்க் ஒன்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன். குழாயைத் திறந்து, தண்ணீர் விழும் சத்தம் அவனுக்குக் கேட்கும்படி போனைப் பக்கத்தில் பிடித்தேன். கீழே தெருவில் ஒரு கிழவர் நாயை நடத்திக்கொண்டு போனார், இருவருமே தலையைத் தூக்கவில்லை. ஈர மாஸ்க்கை முகத்தில் போட்டதும் மூச்சு முட்டியது. சங்கு நின்றது.

“மாட்டிக்கினியா?” என்று அண்ணன் கேட்டான்.

“மாட்டிக்கினேண்ணா” என்றேன்.